கடல் அலை மின்சாரமும் பழைய மின்வாகன பேட்டரியும் சேர்ந்தால் கட்டுப்படியாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்வாகனங்களிலிருந்து கழித்துப் போட்ட பேட்டரிகளைப் பிரித்து, சோதித்து, வீட்டு இன்வெர்ட்டருக்கும் சூரிய மின்பலகைக்கும் ஏற்றபடி மறுபடி கட்டிக் கொடுப்பது என் தொழில். கடற்கரை ஊர் என்பதால், கொட்டகைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கடலைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போவதில்லை: "இந்த அலை ராப்பகலாக அடிக்கிறதே, இதை உங்கள் பேட்டரியில் பிடித்து வைத்தால் என்ன?" ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டி வந்தேன். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், கட்டுப்படியாகுமா?

மின்வாரியக் கம்பி வந்து சேர்ந்துவிட்ட ஊரில் இன்றைய நிலையில் கட்டுப்படியாகாது. டீசல் எஞ்சினை நம்பி விளக்கேற்றும் தீவிலும், எப்படியும் அலைத்தடுப்புச் சுவர் எழப்போகிற துறைமுகத்திலும் கட்டுப்படியாகும் எல்லைக்குப் பக்கத்தில் வருகிறது. எந்த இடமானாலும் முடிவு பேட்டரியின் கையில் இல்லை. கடலில் நிற்கும் இயந்திரத்தின் கையில்தான் இருக்கிறது. பழைய பேட்டரியை விற்றுப் பிழைக்கிற நானே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

அலை ஓய்வதே இல்லையே, அதற்கு ஏன் பேட்டரி?

அலை ஓய்வதில்லை என்பது உண்மை. ஆனால் அது ஒரே சீராக வருவதும் இல்லை. கரையோரத்தில் கட்டப்படும் அலைமின் நிலையங்களில் பல, காற்றறை முறையில் இயங்குபவை. கீழ்ப்பக்கம் திறந்த கான்கிரீட் அறைக்குள் கடல்நீர் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று மேல்துளை வழியே சீறி வெளியேறும். நீர் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். துளையில் இருக்கும் சுழலி, காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பேராசிரியராக இருந்த ஆலன் வெல்ஸ் 1970களில் உருவாக்கிய சுழலி அது.

அந்த அறை மூச்சு விடுவதைப் போலத்தான் மின்சாரமும் வரும். 8 நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 10,800 அலைகள். ஒவ்வோர் அலைக்கும் ஏறும்போது ஒரு துடிப்பு, இறங்கும்போது ஒரு துடிப்பு. இடையில் வெறுமை. பெரிய மின்தொடர் (பல ஊர்களை இணைக்கும் மின்கம்பி வலை) இந்தத் துடிப்பை விழுங்கிக்கொள்ளும். முந்நூறு வீடுகள் மட்டும் உள்ள தீவில் விளக்கு மங்கி மங்கி எரியும், மோட்டார் திணறும். அந்தத் துடிப்பை வாங்கிச் சமன் செய்து கொடுப்பதுதான் பேட்டரியின் முதல் வேலை.

இது புதிய யோசனையா?

இல்லை. ஜப்பானின் யோஷியோ மசுதா, அலையால் இயங்கி பேட்டரியில் மின்சாரம் சேர்த்து இரவில் விளக்கெரிக்கும் மிதவைகளை உருவாக்கினார். கப்பல்களுக்கு வழிகாட்டும் அந்த மிதவைகள் 1965 முதல் விற்பனைக்கு வந்தன. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் அலையால் இயங்கும் வழிகாட்டி மிதவையைச் செய்து, எண்ணூர் அருகே காமராஜர் துறைமுகக் கடலில் விட்டுப் பார்த்திருக்கிறது.

இந்தச் சிறிய அளவில் அலையும் பேட்டரியும் கட்டுப்படியாகும். நடுக்கடலில் ஒரு விளக்குக்குப் படகில் போய் பேட்டரி மாற்றி வரும் செலவோடு ஒப்பிட்டால், யூனிட் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கு மின்சாரம் என்று வரும்போதுதான் கேள்வி எழுகிறது.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அலையின் ஏற்ற இறக்கத்துக்கு மூன்று அளவுகள் உண்டு.

முதலாவது, நொடிக்கணக்கு. 200 கிலோவாட் நிலையத்தை ஒரு நிமிடம் தாங்கிப்பிடிக்க சுமார் மூன்றேகால் யூனிட் போதும் (யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி). ஒரு ஷேர் ஆட்டோவின் பேட்டரியில் இருப்பதை விடக் குறைவு. ஆனால் அந்த மூன்றேகால் யூனிட்டையும் 200 கிலோவாட் வேகத்தில் வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆட்டோ பேட்டரி அந்த வேகத்தில் கருகிப்போகும். ஆகவே வேகத்துக்காகவே பெரிய பேட்டரி வைக்கவேண்டியிருக்கிறது.

இரண்டாவது, மணிக்கணக்கு. கடல் சில மணி நேரம் தணிந்து மறுபடி எழும்போது இடைவெளியை நிரப்புவது. காற்றோடும் சூரியனோடும் பார்க்கையில் அலைக்கு இது குறைவாகவே தேவைப்படும். ஏனென்றால் எங்கோ தெற்கே அடித்த புயலின் அலைகள் நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். நம் கரையில் காற்றே இல்லாத நாளில் கடல் எழுந்து வருவதைக் 'கள்ளக்கடல்' என்று கேரளத்திலும் குமரிக்கரையிலும் சொல்வார்களே, அது அப்படி வருவதுதான்.

மூன்றாவது, பருவக்கணக்கு. இங்கேதான் பேட்டரி கைவிரித்துவிடும். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்தில், சென்னை ஐஐடி உருவாக்கி 1991இல் இயக்கத்துக்கு வந்த 150 கிலோவாட் அலைமின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட் என்பது அதற்குச் சொல்லப்பட்ட அளவு. பனிக்காலத்தில் குறையும் 50 கிலோவாட்டை முந்திய மழைக்காலத்திலிருந்தே சேர்த்து வைத்துக் கொடுப்பதானால், நான்கு மாதத்துக்கு 1,44,000 யூனிட் வேண்டும். முதல் தலைமுறை நிசான் லீஃப் காரின் பேட்டரி புதிதில் 24 யூனிட் கொண்டது. பழையதாகி 70 விழுக்காட்டில் நிற்கிறது என்றால் சுமார் 17 யூனிட். அப்படி 8,500 கார் பேட்டரிகள், வருடத்துக்கு ஒரே ஒரு முறை நிரப்பிக் காலி செய்வதற்கு. இலவசமாகக் கொடுத்தாலும் அவற்றை அடுக்கி வைக்க இடத்துக்கு எங்கே போவது?

பருவ இடைவெளியை டீசலோ, சூரிய ஒளியோ, காற்றோதான் நிரப்பவேண்டும்.

பழைய பேட்டரி என்றால் எந்த அளவுக்குப் பழையது?

காருக்கு உதவாது என்று கழிப்பது பெரும்பாலும் 70–80 விழுக்காட்டுக் கொள்ளளவில். ஒரே தடவை ஏற்றி 200 கிலோமீட்டர் போன வண்டி 145 போகும்போது சொந்தக்காரருக்குப் பொறுமை போய்விடும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் வேலைக்கு அந்தப் பேட்டரி இன்னும் நன்றாக உழைக்கும்.

ஆனால் சராசரியை நம்பக்கூடாது. என் மேசையில் கிடந்த ஒரு பெட்டியைச் சொல்கிறேன். மூன்று சக்கர வண்டியிலிருந்து வந்தது. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகை, வரிசையாக 16 செல்கள். மேல்மூடியைக் கழற்றி மீட்டரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனேன். 3.28, 3.28, 3.27, 3.28 என்று வந்துகொண்டிருந்த எண் பதினோராவது செல்லில் 2.61 வோல்ட் என்றது. மற்ற பதினைந்தும் பழுதில்லை. அந்த ஒன்றுக்காக வண்டிக்காரர் பெட்டி முழுவதையும் கழித்துவிட்டிருந்தார். ஏனென்றால் ஒரு செல் விழுந்ததும் காவல் மின்சுற்று மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடும். பதினோராவதின் செப்புப் பட்டையைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு. மூடியின் ரப்பர் வளையம் விட்டுப்போன இடத்தில் உப்புக்காற்று நுழைந்திருக்கிறது.

சோதிப்பதும் பொறுக்குவதும் ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்ப்பதும்தான் எங்கள் தொழிலின் செலவு. பழைய பேட்டரியைக் கழிவு விலைக்கு வாங்கலாம். கழிவு விலைக்கு விற்க முடியாது என்பதற்குக் காரணம் ஒரு பெட்டிக்கு ஆகும் மூன்று மணி நேர மேசை வேலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயதாகும்போது பேட்டரியின் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் உள்தடையும் ஏறுகிறது. உள்தடை ஏறினால் வேகமாக வாங்கிக் கொடுக்கும்போது சூடாகும். அலைக்கு வேண்டியதோ வேகம். அதனால் புதியது 150 யூனிட் போதும் என்கிற இடத்தில் பழையதை 200 யூனிட்டாகவே நான் வைப்பேன். நொடித்துடிப்பை மின்தேக்கியிடமோ சுழலியோடு சேர்ந்து சுற்றும் கனச்சக்கரத்திடமோ விட்டுவிட்டு, பேட்டரிக்கு நிமிடக்கணக்கு வேலையை மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது.

பழைய கார் பேட்டரியைப் பெரிய அளவில் யாராவது பயன்படுத்துகிறார்களா?

பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே. வட ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஸ்பெயின் நகரம் மெலில்யா. தாய்நாட்டு மின்தொடரோடு இணையாத நகரம் அது. அனல்மின் நிலையம் ஒன்றை நம்பியே இருக்கிறது. அங்கே 2022இல் 78 நிசான் லீஃப் பேட்டரிகளை அடுக்கினார்கள். 48 பழையவை, 30 புதியவை. 4 மெகாவாட் வேகத்தில் 15 நிமிடம் நகரத்தைத் தாங்கும். அனல்மின் நிலையம் திடீரென்று நின்றால் மறுபடி கிளம்புவதற்கு அந்த அவகாசம் போதும். குறைந்த சேமிப்பு, அதிக வேகம் என்ற இந்த அமைப்புதான் அலைக்கும் பொருந்துவது.

ஆம்ஸ்டர்டாம் கால்பந்து அரங்கத்தில் 2018 முதல் 148 லீஃப் பேட்டரிகளுக்குச் சமமான 3 மெகாவாட் அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடாவில் 2025இல் ரெட்வுட் மெட்டீரியல்ஸ் நிறுவனம் பழைய பேட்டரிகளைக் கொண்டு 63 மெகாவாட்-மணி சேமிப்பை அமைத்து, சூரிய மின்சாரத்தால் ஒரு தரவு மையத்தை இயக்கிக் காட்டியது. ஆகவே "பழையது நிற்குமா" என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம்.

கணக்கைக் காட்டுங்கள்.

காட்டுகிறேன். கீழே வருபவை எந்த நிலையத்தின் கணக்கும் அல்ல, நான் வைத்துக்கொள்ளும் ஊகங்கள். உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இயந்திரம் 200 கிலோவாட். முழுத்திறனில் நூற்றுக்கு 25 பங்கு ஓடும் என்று தாராளமாக வைத்தால் வருடத்துக்கு 4,38,000 யூனிட். கட்டுமானச் செலவு 10 கோடி ரூபாய், வட்டி 10 விழுக்காடு, ஆயுள் 20 வருடம். வருடத் தவணை 1 கோடியே 17 லட்சம். பராமரிப்புக்கு 50 லட்சம். கூட்டி வகுத்தால் யூனிட்டுக்கு 38 ரூபாய். இதில் பேட்டரி இன்னும் சேரவில்லை.

இனி 200 யூனிட் பேட்டரி. (ஒப்பிடுவதற்காகப் புதியதையும் அதே அளவு என்று வைக்கிறேன். புதியது 150 போதும் என்றால் பழையதற்கு மிச்சமே இல்லை.) புதியது, பெட்டி, இன்வெர்ட்டர், நிறுவும் கூலி எல்லாம் சேர்த்து யூனிட் கொள்ளளவுக்கு 15,000 என்றால் 30 லட்சம், 12 வருடம் உழைக்கும். அலை மின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட் மேலும் 1 ரூபாய் ஏறும். பழையது 9,000 என்றால் 18 லட்சம், 7 வருடம் உழைக்கும். ஏறுவது 84 காசு.

மிச்சம் 16 காசு. முப்பத்தெட்டு ரூபாயில் பதினாறு காசு.

அதே பழைய பேட்டரி 7 வருடத்துக்குப் பதில் 4 வருடத்தில் படுத்துவிட்டால் 1 ரூபாய் 30 காசாகிவிடும், அதாவது புதியதை விட நட்டம். (சூடான கொட்டகையில் மின்விசிறி கூட இல்லாமல் வைத்தால் நான்கு வருடம்தான் வரும், பார்த்திருக்கிறேன்.)

இப்போது இயந்திரத்தின் பக்கம் திருப்பிப் பாருங்கள். நூற்றுக்கு 25 என்று வைத்த ஓட்டம் 15 ஆகக் குறைந்தால் யூனிட் 64 ரூபாய். ஆயுள் 20 வருடம் என்றது 10 வருடமானால் 48 ரூபாய்க்கு மேல். பேட்டரிப் பேரத்தில் காசுக்கணக்கில் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கடல் ஒரே புயலில் இருபது ரூபாயைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கடல் இயந்திரங்கள் உண்மையில் எப்படி உழைத்திருக்கின்றன?

வருத்தமான வரலாறு. ஸ்காட்லாந்தின் பெலாமிஸ் நிறுவனம் செய்த பாம்பு போன்ற மிதவை இயந்திரங்கள் மூன்று, ஒவ்வொன்றும் 750 கிலோவாட், 2008 செப்டம்பரில் போர்ச்சுகலின் அகுசதோரா கரைக்கு அப்பால் தொடங்கிவைக்கப்பட்டன. அதே வருடம் நவம்பரில் தாங்கு உருளைக் கோளாறால் கரைக்கு இழுத்து வரப்பட்டன. முதலீட்டாளரும் நிதி நெருக்கடியில் வீழ்ந்தார். இயந்திரங்கள் திரும்பிப் போகவே இல்லை. 2014இல் நிறுவனமும் திவாலானது.

ஸ்பெயினின் பாஸ்க் கரையில் இருக்கும் முத்ரிகு நிலையம் வேறு வகை. துறைமுக அலைத்தடுப்புச் சுவர் கட்டும்போதே அதற்குள் 16 காற்றறைகளை வைத்துக் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் 18.5 கிலோவாட் சுழலி, மொத்தம் 296 கிலோவாட். கட்டும் காலத்திலேயே புயல் அடித்துச் சுவரைச் சேதப்படுத்தியது. ஆனால் 2011 ஜூலையில் திறந்தது முதல் வருடக்கணக்கில் மின்தொடருக்கு மின்சாரம் கொடுத்து வந்திருக்கிறது. அலைமின் உலகில் இது பெரிய சாதனை. இருந்தும் எண்ணைப் பாருங்கள்: 2016 தொடக்கத்தில்தான் மொத்தம் 10 லட்சம் யூனிட்டைத் தொட்டது. வருடத்துக்கு 2.2 லட்சம். முழுத்திறனில் நூற்றுக்கு 9 கூட இல்லை. சுமார் 67 லட்சம் யூரோ செலவை 25 வருட மின்சாரத்தால் வகுத்தால், வட்டி போடாமலேயே யூனிட் ஒரு யூரோவுக்கு மேல் போகிறது. என் கணக்கில் 25 என்று வைத்ததைத் தாராளம் என்றது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் கிங் தீவு எனக்குப் பிடித்த உதாரணம். டாஸ்மேனியாவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் சிறு தீவு. காற்றாலை, சூரியன், டீசல், கனச்சக்கரம், 3 மெகாவாட் பேட்டரி எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. 2021இல் கிராசி துறைமுகத்தருகே 200 கிலோவாட் காற்றறை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கி, அந்தச் சிறு மின்தொடரிலேயே இணைத்தார்கள். அலை மின்சாரம் ஒரு தீவின் தொடரில் ஒழுங்காகச் சேர்ந்து ஓடும் என்பதை அது காட்டியது. அங்கே இருந்த பேட்டரி மேம்பட்ட ஈய-அமில வகை. லித்தியம் கூட அல்ல.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. பெலாமிஸ் தோற்ற அதே அகுசதோரா கடலில், 2023இல் சுவீடனின் கோர்பவர் நிறுவனம் இறக்கிய மிதவை 18.5 மீட்டர் உயர அலையைத் தாங்கி நின்றது. புயலில் அலையோடு மோதாமல் தன்னைத் தளர்த்திக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். இயந்திரம் உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்டால்தான் மேலே சொன்ன 20 வருடக் கணக்குக்குப் பொருள் வரும்.

புதிய பேட்டரியே மலிவாகிவிட்டதே, பழையது எதற்கு?

நியாயமான கேள்வி, என் தொழிலையே ஆட்டிப்பார்க்கும் கேள்வி. லித்தியம் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2024இல் ஒரு கிலோவாட்-மணிக்கு 115 டாலருக்கு இறங்கிவிட்டது. 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல். இந்திய ஏலங்களிலும் அதே சரிவுதான். 2022இல் ஒரு மெகாவாட் பேட்டரிச் சேமிப்புக்கு மாத வாடகை சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024இல் குஜராத்தில் 4.5 லட்சத்துக்குக் கீழே இறங்கி, அதன் பிறகும் சரிந்தது.

புதியதன் விலை இறங்க இறங்கப் பழையதன் தள்ளுபடி சுருங்குகிறது. சோதனைக் கூலி மட்டும் குறைவதில்லை. பழையது இன்றும் வெல்லும் இடங்கள் உண்டு. பேட்டரி பக்கத்திலேயே கிடைக்க வேண்டும், ஒரே வண்டி வகையிலிருந்து மொத்தமாக வரவேண்டும், அதன் ஓட்ட வரலாறு கையில் இருக்கவேண்டும். மின்வண்டிகள் நிறைய ஓடும் தீவில், அங்கேயே கழிந்ததை அங்கேயே பயன்படுத்தினால் கப்பல் கூலியும் மிச்சம். போர்ச்சுகலின் போர்ட்டோ சாண்டோ தீவில் ரெனோ நிறுவனம் 2018இல் தொடங்கிய முயற்சி அந்த வழியில் போனதுதான்.

சூரிய மின்சாரமும் பேட்டரியும் போதாதா?

பெரும்பாலான இடங்களில் போதும். சூரியனோடு சேமிப்பையும் சேர்த்த மின்சாரம் 2024 ஏலத்திலேயே இந்தியாவில் யூனிட் மூன்றரை ரூபாய்க்குள் வந்துவிட்டது. முப்பத்தெட்டு ரூபாய் அலை அதன் பக்கத்தில் நிற்கமுடியாது.

ஆனால் தீவின் கணக்கு வேறு. அங்கே போட்டி டீசலோடு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.3 யூனிட் வரும். லிட்டர் 92 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு மட்டும் 28 ரூபாய். படகுக்கூலி, எஞ்சின் பராமரிப்பு, சிந்துவது, திருட்டு எல்லாம் சேர்ந்தால் முப்பதைத் தாண்டும். அங்கேயும் முதலில் சூரியனைத்தான் போடவேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. மேகம் மூடிய ஆனி ஆடி மாதங்களில் பலகை அரைகுறையாக விளைவிக்கும்போது தென்மேற்குக் கடல் முழு வீச்சில் எழும். சூரியன் இளைக்கும் மாதத்தில் அலை கொழுக்கிறது. கடைசியாக மிஞ்சும் அந்த டீசலை விலக்கும் வேலைக்கு அலை ஒரு நல்ல ஆள்.

தமிழ்நாட்டில் எந்தக் கரை பொருந்தும்?

அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 2 மீட்டர் உயரமும் 8 நொடி இடைவெளியும் உள்ள கடலில் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 15 கிலோவாட்டுக்குச் சற்று மேல். உயரம் பாதியானால் ஆற்றல் கால் பங்கு, 4 கிலோவாட் கூட இல்லை. கரையைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதியே போதும்.

ராமேஸ்வரத்தில் வடக்குப் பக்கத்துப் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடலில் அலைமின் நிலையம் வைப்பது வீண். அதே நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்தியா நிதியளிக்கும் மின்திட்டத்தில் சூரியன், காற்று, பேட்டரி, துணைக்கு டீசல் என்று வைத்திருக்கிறார்கள். அலை அதில் இல்லை. ஆழமற்ற, மறைவான அந்தக் கடலுக்கு அதுதான் சரியான முடிவு.

தமிழ்நாட்டில் அலைக்கு ஏற்ற கரை கன்னியாகுமரி முதல் குளச்சல் வரை. திறந்த பெருங்கடல் நேராக வந்து மோதும் இடம். சென்னை ஐஐடி 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் இறக்கிய 'சிந்துஜா-1' கொடுத்தது 100 வாட். சிரிக்கவேண்டாம். ஆய்வுக் கருவி அப்படித்தான் தொடங்கும்.

எங்கள் ஊரில் தூண்டில் வளைவு கட்டுகிறார்கள். அதிலேயே வைக்கமுடியாதா?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் மிகவும் பயனுள்ள கேள்வி. செலவில் பெரும் பகுதி கான்கிரீட்டிலும் அதைக் கடலில் நிறுத்துவதிலும் போகிறது. கரையைக் காக்கவும் படகுகளை மறைக்கவும் எப்படியும் சுவர் எழப்போகிறது என்றால் அந்தச் செலவு மீன்வளத்துறைக் கணக்கில் போய்விடும். முத்ரிகுவில் செய்தது அதுதான்.

சிக்கல் ஒன்று உண்டு. நம் தூண்டில் வளைவுகள் பாறாங்கல்லைக் கொட்டி எழுப்பப்படுபவை. கல்லின் இடுக்குகளில் அலை உடைந்து சாகவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். காற்றறைக்கோ செங்குத்தான கான்கிரீட் முகமும் அதன் முன்னால் ஆழமும் வேண்டும். ஆகவே கட்டி முடித்த வளைவில் பின்னால் சேர்க்கமுடியாது. வரைபடம் போடும்போதே கேட்டாகவேண்டும்.

பேட்டரியில் அல்லாமல் வேறு விதமாகச் சேமிக்கமுடியாதா?

முடியும், மீனவ ஊருக்கு அதுதான் முதல் வழி. ஒரு டன் கட்டி ஐஸ் செய்ய சுமார் 60 முதல் 80 யூனிட் ஆகும். 10 டன் ஐஸ் ஐஸ்கிடங்கில் கிடந்தால் 700 யூனிட் சேமித்ததற்குச் சமம். அதையே புதிய பேட்டரியில் வைக்க ஒரு கோடிக்கு மேல் வேண்டும். ஐஸ் இயந்திரமும் துடிப்பைத் தாங்காதுதான். ஆனால் நிமிடக்கணக்குக்குச் சின்னப் பழைய பேட்டரி, நாள்கணக்குக்கு ஐஸ் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் தங்கள் வேலையைச் செய்யும். ஒரே குறை, மேற்குக் கரையில் ஜூன், ஜூலை விசைப்படகுத் தடைக்காலம். அலை அதிகமாக இருக்கும் மாதத்தில் ஐஸ் தேவை குறைகிறது.

குடிநீருக்கு அந்தக் குறை இல்லை. விழிஞம் நிலையத்திலேயே 2004இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அலை மின்சாரத்தால் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிப் பார்த்தது. தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குச் செல் சோதனையும் வேண்டாம், காவல் மின்சுற்றும் வேண்டாம்.

கடற்கரையில் பேட்டரி தீப்பிடிக்காதா?

உப்பு ஈரம்தான் முதல் எதிரி. பதினோராவது செல்லின் பச்சைக் களிம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து தள்ளி, உயரமான தளத்தில், மூடிய பெட்டிக்குள் குளிரூட்டி வைக்கவேண்டும். கிடைத்தால் இரும்புப் பாஸ்பேட் வகையை மட்டும் எடுங்கள். சூட்டைச் சற்று அதிகமாகத் தாங்கும். விபத்தில் அடிபட்ட காரின் பேட்டரியும் வெள்ளத்தில் நின்ற வண்டியின் பேட்டரியும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நான் கொட்டகைக்குள்ளேயே விடுவதில்லை.

சட்டம் இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரிக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்கி, புதுப்பித்தலையும் ஒரு வழியாக ஏற்கின்றன. கடல் ஆற்றலை 2019இல் மத்திய அரசு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக அறிவித்துவிட்டது. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்வாகன பேட்டரிக்கும் எண்ம அடையாள ஆவணம் கட்டாயம். எப்படி ஓடியது, எவ்வளவு தேய்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது இங்கேயும் வந்தால் என் மேசையின் மூன்று மணி நேரம் அரை மணி நேரமாகிவிடும். நான் மனதாரக் காத்திருப்பது அதற்குத்தான்.

எங்கள் ஊரில் தொடங்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்யவேண்டும்?

பன்னிரண்டு மாத டீசல் அல்லது மின்சார ரசீதுகளை எடுத்து வையுங்கள். எந்த மாதத்தில் செலவு ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு வருடம் முழுக்க அலையின் உயரத்தையும் இடைவெளியையும் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆடியில் மட்டும் அளந்தால் மாசியில் ஏமாந்துபோவீர்கள். ஊரில் வயதான மீனவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கச்சான் (மேற்குக் காற்று) எப்போது விழும், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) அலை உடையும் என்பது அவர்களுக்குத் தெரியும். துறைமுகப் பணி ஏதாவது வரைபட நிலையில் இருக்கிறதா என்று மீன்வளத்துறையில் விசாரியுங்கள். கூரைகளில் சூரியப் பலகை போட்டு முடித்துவிடுங்கள்.

பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போதே வாங்கி அடுக்கிவிட்டு இயந்திரத்துக்குக் காத்திருந்தால், பயன்படுத்தாமலேயே அது வயதாகிக்கொண்டிருக்கும். அதுவரை வைத்திருந்தே தீரவேண்டும் என்றால் பாதி ஏற்றத்தில், நிழலில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செல்லாக அளந்து எழுதி வையுங்கள்.